போனை வளைக்கிறார்கள், உருட்டுகிறார்கள், வேவு பார்க்கிறார்கள்!

புதுப் போன் ஒன்று வருகிறது. கடைக்கு வரும் முன்பே தீர்ப்பு வந்துவிடுகிறது. "கேமராவுக்கு 10-க்கு 9, பேட்டரிக்கு 8, தாராளமாக வாங்கலாம்!" நாமும் அதைப் பார்த்துவிட்டுப் பணத்தை எண்ணத் தொடங்குகிறோம். ஆனால் அந்த 9 எங்கே பிறந்தது தெரியுமா? ஓர் இருட்டறையில், கண் இமைக்காத பொம்மை மனிதர்களுக்கு முன்னால்! அந்த 8? கூண்டுக்குள் இரவும் பகலும் திரையைத் தட்டிக்கொண்டே இருந்த ஓர் இயந்திர விரலின் நுனியில்!

ரிவ்யூ என்றால் நாற்காலியில் சாய்ந்துகொண்டு அபிப்பிராயம் சொல்வது என்று நினைத்தால், பாதிக்கு மேல் தவறவிட்டோம். நல்ல ரிவ்யூவின் பின்கட்டில் ஆய்வகம் உண்டு, விளையாட்டு உண்டு, அசல் துப்பறிதலும் உண்டு. போனை உருட்ட ஒரு பெட்டி, வளைக்க ஒரு இயந்திரம், கீற ஒரு கத்தை ஊசிகள், பொய் சொல்லும் சிப்பைப் பிடிக்க மாறுவேடம் போட்ட ஒரு செயலி... சொல்லும்போதே கை பரபரக்கிறது. வாங்க, கதவைத் திறந்து உள்ளே போகலாம்!

இருட்டறையில் பொம்மை மாடல்கள்

முதல் நிறுத்தம் பிரான்ஸ். பாரிஸை ஒட்டிய பூலோன்-பியாங்கூரில் டிஎக்ஸ்ஓமார்க் நிறுவனம் இருக்கிறது. 2012 முதல் போன் கேமராக்களுக்கு மதிப்பெண் போட்டு வருகிறவர்கள். ஒரே ஒரு போனைச் சோதிக்க ஆயிரக்கணக்கில் படம் எடுக்கிறார்கள், மணிக்கணக்கில் வீடியோ எடுக்கிறார்கள்.

இங்கே வெளிச்சத்தையே அளந்து ஊற்றுகிறார்கள். அலகின் பெயர் லக்ஸ். ஒரு மெழுகுவத்தியை ஒரு மீட்டர் தள்ளி ஏற்றினால் நம் மேல் விழுவது ஏறக்குறைய 1 லக்ஸ். சித்திரை மாத உச்சிவெயில் 1 லட்சம் லக்ஸைத் தொடும். நம் கண் இரண்டையும் அலட்டிக்கொள்ளாமல் சமாளித்துவிடும். போன் கேமராவுக்கோ இரண்டும் இரு வேறு உலகங்கள். அதனால்தான் ஆய்வகத்தில் விளக்குகளைப் படிப்படியாகக் குறைத்து, ஒவ்வொரு படியிலும் அதே காட்சியைத் திரும்பத் திரும்பச் சுடுகிறார்கள். எந்தப் படியில் நிறம் வெளிறுகிறது, எந்தப் படியில் முகத்தில் புள்ளி புள்ளியாக இரைச்சல் கிளம்புகிறது என்று எல்லாம் கணக்கில் ஏறுகிறது.

எதிரே நிற்கும் மாடல்கள் பொம்மைகள். வெவ்வேறு தோல் நிறங்களில், தலைமுடியோடும் புருவத்தோடும் அசல் மனிதர் போலவே இருப்பார்கள். ஏன் பொம்மை? மனிதர் என்றால் மூச்சு விடுவார், அசைவார், போன வாரம் இருந்ததுபோல இந்த வாரம் இருக்கமாட்டார். இரண்டு வருடத்துக்கு முன் வந்த போனையும் இன்று வந்த போனையும் ஒரே முகத்தின் முன் நிறுத்த வேண்டுமென்றால், அந்த முகம் மாறவே கூடாது!

நிறத்துக்குத் தனிப் பலகை. ஆறுக்கு நான்கு என்று 24 வண்ணக் கட்டங்கள். 1976-ல் உருவான பலகை இது, இன்றுவரை உலகமெங்கும் புழக்கத்தில் இருக்கிறது. அதன் முதல் வரிசையைக் கேளுங்கள்: கருத்த தோல், வெளிர்ந்த தோல், நீல வானம், இலைப் பச்சை, நீலப் பூ... மனிதன் அதிகம் படமெடுக்கும் நிறங்களையே பொறுக்கி வைத்திருக்கிறார்கள். அரை நூற்றாண்டு பழைய அட்டையிடம் இன்றைய போன் கைகட்டி நின்று பதில் சொல்கிறது. எவ்வளவு அழகு!

எனக்கு இவற்றில் ஆகப் பிடித்தது 'உதிர்ந்த இலைகள்' என்ற சோதனைப் படம்தான். பெரிதும் சிறிதுமாக எண்ணற்ற வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து கிடக்கும் ஒரு படம். பிரெஞ்சுக் கணிதவியலாளர் ஜார்ஜ் மாத்தரோன் 1968-ல் வகுத்த ஒரு கணித மாதிரியிலிருந்து வந்தது. இதற்கு ஒரு வேலை இருக்கிறது. பழைய சோதனைப் படங்களில் நேர்க்கோடுகள்தான் இருந்தன. போன் மென்பொருள் கில்லாடி! கோட்டைக் கண்டதும் விளிம்பைத் தீட்டிக் கூர்மையாகக் காட்டிவிடும், மதிப்பெண்ணும் வாங்கிவிடும். ஆனால் அதே மென்பொருள், இரைச்சலைத் துடைக்கிறேன் பேர்வழி என்று பட்டுப்புடவையின் நெசவையும் பாட்டியின் வெண்முடியையும் சேர்த்தே மெழுகிவிடும். உதிர்ந்த இலைகளில் பிடித்துத் தீட்ட நீண்ட கோடு இல்லை, எல்லா அளவிலும் எல்லாத் திசையிலும் நுணுக்கம் இருக்கிறது. அதை மெழுகினால் அப்போதே தெரிந்துவிடும். மென்பொருளின் சாமர்த்தியத்துக்குக் கணிதம் வைத்த பொறி!

இன்னும் இருக்கிறது. வரிசையாக விளக்குகள் ஓடும் ஒரு பெட்டி; பட்டனை அழுத்திய நொடிக்கும் படம் பதிவான நொடிக்கும் இடையே எத்தனை விளக்கு ஓடிவிட்டது என்று எண்ணினால் கேமராவின் தாமதம் கையில். கை நடுக்கத்தை அப்படியே நடித்துக்காட்டும் ஒரு மேடை. அதன்மேல் போனை வைத்து ஆட்டுகிறார்கள். குழந்தை ஓடும்போது படம் ஏன் கலங்குகிறது என்ற நம் வீட்டுக் கேள்விக்கு இவர்களிடம் எண்ணாகவே பதில் இருக்கிறது.

ஒன்றையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். இந்த நிறுவனம் தன் அளவைக் கருவிகளையும் ஆலோசனையையும் போன் நிறுவனங்களுக்கு விற்கவும் செய்கிறது. தேர்வு வைப்பவரே பயிற்சியும் தருகிறார் என்பது பல வருடமாக எழும் கேள்வி. அளந்த விதத்தைப் பாராட்டுவோம், அளப்பவருக்கு யார் பணம் தருகிறார் என்பதையும் தெரிந்துவைத்துக்கொள்வோம்.

தூங்காத விரல்

அடுத்தது பேட்டரி. "எனக்கு ஒரு நாள் தாங்குகிறது" என்று நண்பர் சொன்னால் அவருக்குத் தாங்குகிறது, அவ்வளவுதான். அவர் திரையை மங்கலாக வைப்பவராக இருக்கலாம். டவர் பக்கத்தில் குடியிருக்கலாம். இந்த இரண்டும் மாறினாலே கணக்கு தலைகீழாகும்.

அதனால் சோதிப்பவர்கள் முதலில் செய்வது எல்லாப் போன்களின் திரையையும் ஒரே பிரகாசத்துக்குக் கொண்டுவருவது. திரையின் பிரகாசத்தை நிட் என்ற அலகில் அளப்பார்கள்; 200 நிட் என்பது பேட்டரி சோதனைகளில் அடிக்கடி காணும் அளவு. போனில் 'பாதி பிரகாசம்' என்று பட்டையை நடுவில் இழுத்து வைத்தால் போதாது. ஒரு நிறுவனத்தின் பாதி இன்னொன்றின் முக்கால்! கருவியைத் திரைமேல் பதித்து அளந்தால்தான் நியாயம்.

அப்புறம் விரல். டிஎக்ஸ்ஓமார்க்கின் பேட்டரிக் கூடத்தில் போனை ஃபாரடே கூண்டு எனும் உலோகக் கூண்டில் வைக்கிறார்கள். வெளியே இருக்கும் அலைவரிசை உள்ளே வராது, உள்ளே எவ்வளவு சிக்னல் என்பதை அவர்களே முடிவு செய்யலாம். கூண்டுக்குள் ஒரு ரோபோ போனை எடுத்துப் பயன்படுத்துகிறது. வீடியோ பார்க்கிறது, செய்தி அனுப்புகிறது, பக்கங்களை உருட்டுகிறது, விளையாடுகிறது! பின்லாந்தின் தாம்பரே நகரில் ஆப்டோஃபிடெலிட்டி என்றொரு நிறுவனம் இதுபோன்ற தொடுதிரை ரோபோக்களைச் செய்வதையே தொழிலாக வைத்திருக்கிறது. திரையைத் தொட்டதும் அது எத்தனை மில்லி நொடியில் பதில் சொல்கிறது என்பதைக்கூட அந்த விரல் கண்டுபிடித்துவிடும்.

பிரகாசம் என்றதும் இன்னொரு ரகசியம். பெட்டியில் '4,500 நிட்' என்று அச்சிட்டிருப்பார்கள். அது பெரும்பாலும் திரையின் ஒரு மூலையில், குட்டிக் கட்டம் ஒன்று மட்டும் எரியும்போது கிடைக்கும் உச்சம். திரை முழுவதையும் வெள்ளையாக எரியவிட்டு அளந்தால் அதில் பாதிகூட வராமல் போகலாம். பேருந்து நிறுத்தத்தில், மொட்டை வெயிலில், பணம் அனுப்ப க்யூஆர் கோடைத் திறக்கும்போது நமக்கு வேண்டியது முழுத்திரையின் எண். நல்ல ரிவ்யூவர்கள் அதைத்தான் அளந்து எழுதுகிறார்கள்.

உருட்டும் பெட்டியும் ஒட்டுநாடாவும்

இப்போது அமெரிக்கா. நியூயார்க் மாநிலத்தின் யாங்கர்ஸ் நகரில் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ். 1936-ல் தொடங்கிய லாபநோக்கமற்ற அமைப்பு. இவர்களிடம் ஒரு கறார் விதி உண்டு. சோதிக்கும் பொருளை நிறுவனத்திடம் இலவசமாக வாங்கமாட்டார்கள். நம்மைப் போலக் கடையில் போய்க் காசு கொடுத்துதான் வாங்குவார்கள். விளம்பரமும் வாங்குவதில்லை.

இங்கே ஒரு சுழலும் பெட்டி இருக்கிறது. போனை உள்ளே போட்டு மூடிச் சுற்றவிடுவார்கள். ஒவ்வொரு சுற்றிலும் போன் இரண்டரை அடி விழும். மேசையிலிருந்து நழுவும் உயரம்! 50 சுற்று முடிந்ததும் எடுத்துப் பார்ப்பார்கள். தாக்குப்பிடித்தால் மறுபடி 50. ஒருமுறை கீழே போட்டு உடைந்ததா இல்லையா என்று பார்ப்பது அதிர்ஷ்டச் சோதனை. மூலை, முகம், முதுகு என்று எல்லாப் பக்கமும் விழுந்து எழுந்தால்தான் போனின் உண்மையான உறுதி தெரியும்.

2014 செப்டம்பரில் என்ன நடந்தது என்று நினைவிருக்கிறதா? ஐபோன் 6 பிளஸை ஒரு யூடியூபர் வெறும் கையால் வளைத்துக் காட்டினார், உலகமே கூச்சல் போட்டது. வளையும் போன் என்றார்கள் சிலர், ஜோடிப்பு என்றார்கள் சிலர். யாங்கர்ஸில் இருந்தவர்கள் கூச்சல் போடவில்லை. ஒரு அழுத்த இயந்திரத்தை எடுத்தார்கள், போனின் இரு முனையையும் தாங்கி நடுவில் அழுத்தினார்கள், எத்தனை பவுண்டில் வளைகிறது என்று குறித்தார்கள். ஐபோன் 6 வளையத் தொடங்கியது 70 பவுண்டில், அதாவது சுமார் 32 கிலோ. ஊர் முழுக்கத் திட்டு வாங்கிய 6 பிளஸ் தாங்கியதோ 90 பவுண்டு, சுமார் 41 கிலோ! யாரும் குறை சொல்லாத எச்டிசி ஒன் எம்8 அதே 70 பவுண்டில் வளைந்தது. சாம்சங் நோட் 3 மட்டும் 150 பவுண்டு வரை போனது. ஐபோன் மற்ற சில போன்கள் அளவுக்கு உறுதியில்லை, ஆனால் ஊர் பேசிய அளவுக்கு மோசமும் இல்லை. சில நாள் சண்டையை ஒரு இயந்திரம் ஒரே மூச்சில் தீர்த்துவைத்தது.

அதே வாரத்தில் ஆப்பிளும் தன் சோதனைக் கூடத்தின் கதவைப் பத்திரிகையாளர்களுக்குத் திறந்துவிட்டது. முறுக்கும் இயந்திரங்கள், அழுத்தும் இயந்திரங்கள், ஜீன்ஸ் பையில் வைத்து உட்காருவதை நடிக்கும் இயந்திரங்கள் என்று அதுவரை யாரும் பார்க்காத காட்சிகள் வெளியே வந்தன. ரிவ்யூ கதவைத் தட்டினால் நிறுவனமும் திறக்கிறது பாருங்கள்!

முதல்முறை திறந்தது அதற்கும் முன்னால், 2010-ல். ஐபோன் 4-ன் உலோக விளிம்புதான் அதன் ஆன்டெனா. இடது பக்கக் கீழ்மூலையில் இருந்த சின்ன இடைவெளியில் விரல் பட்டால் சிக்னல் சரிகிறது என்று புகார் வந்தது. கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் நியூயார்க் வட்டாரத்தில் மூன்று வெவ்வேறு கடைகளில் மூன்று போன்கள் வாங்கியது. ஒரு போன் என்றால் "உங்கள் கையில் வந்தது மட்டும் பழுது" என்று சொல்லிவிடலாமே! வெளி அலைகள் புகாத அறையில், செல்போன் டவராக நடிக்கும் கருவியின் முன் வைத்துச் சோதித்தார்கள். குறை உண்மைதான். ஜூலை 12 அன்று, இதைப் பரிந்துரைக்க முடியாது என்று அறிவித்தார்கள். கூடவே மருந்தும் சொன்னார்கள்: அந்த இடைவெளியை ஒரு துண்டு தடித்த ஒட்டுநாடாவால் மூடிவிடுங்கள்!

நான்கே நாளில், ஜூலை 16 அன்று, ஸ்டீவ் ஜாப்ஸ் மேடையேறி விளக்கம் சொல்லி, எல்லோருக்கும் இலவசக் கவர் அறிவித்தார். 10 கோடி டாலருக்கு மேல் செலவழித்துக் கட்டிய தங்கள் ஆன்டெனா ஆய்வகத்தையும், எதிரொலி இல்லாத அதன் 17 அறைகளையும் அன்றுதான் உலகுக்குக் காட்டினார்கள். அத்தனை பெரிய ஆய்வகத்தைப் பேச வைத்தது கடையில் வாங்கிய மூன்று போன்!

ஊசி முனையில் ஓர் உண்மை

யூடியூபில் போன் கீறும் வீடியோக்களைப் பார்த்திருப்பீர்கள். ஜெர்ரிரிக்எவ்ரிதிங் சேனலின் சாக் நெல்சன் இதில் பேர்போனவர். கையில் வரிசையாக ஊசிகள். ஒவ்வொன்றும் ஒரு கடினத்தன்மை. அடிப்படை 1812-ல் ஜெர்மானியக் கனிமவியலாளர் ஃப்ரீட்ரிக் மோஸ் வகுத்த அளவுகோல். மாக்கல் 1, வைரம் 10. வழக்கமான போன் கண்ணாடி 6-ல் கீறத் தொடங்கும், 7-ல் ஆழமாகக் கீறும்.

இதில் நம் பைக்குள் இருக்கும் சங்கதி என்ன தெரியுமா? நாம் பயப்படும் சாவியும் நாணயமும் கண்ணாடியைவிட மென்மையானவை, அவற்றால் பெரிய ஆபத்தில்லை. மணலில் இருக்கும் குவார்ட்ஸ்தான் 7! கடற்கரையில் உட்கார்ந்துவிட்டு அதே பையில் போனைச் செருகினால் அன்றைக்கே கோடு விழும். இருநூறு வருடப் பழைய அளவுகோல் நமக்குத் தந்த அறிவுரை: கடற்கரை போய்வந்தால் முதலில் பையை உதறுங்கள்.

முதல் போனுக்காக ஒரு விமானப் பயணம்

அடுத்தவர்கள் போனைத் திறந்து பார்க்கிறவர்கள். கலிஃபோர்னியாவின் சான் லூயிஸ் ஒபிஸ்போவில் 2003-ல் இரண்டு கல்லூரி மாணவர்கள், கைல் வீன்ஸும் லூக் சோல்ஸும், தொடங்கியது ஐஃபிக்ஸிட். பழுதான லேப்டாப்பைத் தாங்களே சரிசெய்யப் புறப்பட்டு, அதற்கான கையேடு எங்குமே கிடைக்காததால் தாங்களே எழுதத் தொடங்கியவர்கள்.

இவர்களுடைய வேகம் அலாதி! புதுப் போன் ஒவ்வொரு நாட்டிலும் காலையில் விற்பனைக்கு வரும். அப்படியானால் காலை முதலில் விடியும் நாட்டுக்கே போய்விட்டால்? 2008-ல் ஐபோன் 3ஜி வெளியானபோது கலிஃபோர்னியாவைவிட 19 மணி நேரம் முந்தியிருக்கும் நியூசிலாந்துக்கே பறந்தார்கள். வாங்கிய கையோடு பிரித்தார்கள். சொந்த ஊர்க்காரர்கள் வரிசையில் நிற்கும்போதே உள்ளே இருக்கும் பாகங்களின் படம் உலகமெங்கும் ஓடிக்கொண்டிருந்தது.

பிரிப்பது தனிக் கலை. சூடேற்றும் பையைத் திரைமேல் வைத்துப் பசையை இளக்குவார்கள். உறிஞ்சுக் கிண்ணத்தால் மெல்லத் தூக்குவார்கள். கிட்டார் மீட்டும் தகடால் விளிம்பைச் சுற்றி வருவார்கள். திறக்கும் முன் எக்ஸ்ரே படமும் உண்டு! கடைசியில் பழுது பார்க்க எவ்வளவு சுலபம் என்று 10-க்கு ஒரு மதிப்பெண். பேட்டரியை எளிதாகக் கழற்ற முடிகிற நெதர்லாந்தின் ஃபேர்போன் 10-க்கு 10 வாங்கியிருக்கிறது.

நான் இவர்களை மதிப்பது இன்னொன்றுக்காக. 2022-ல் ஐபோன் 14-க்கு 7 கொடுத்தார்கள். பாகங்களைக் கழற்றி மாட்டுவது உண்மையிலேயே சுலபமாகியிருந்தது. ஆனால் மாற்றிய பாகத்தை மென்பொருள் அங்கீகரிக்காவிட்டால் சில வசதிகள் முடங்குகின்றன என்பதை நாளாவட்டத்தில் பழுதுபார்ப்பவர்கள் சொல்லச் சொல்ல, 2023 செப்டம்பரில் அந்த 7-ஐ 4 ஆகக் குறைத்தார்கள். கொடுத்த மதிப்பெண்ணை ஒரு வருடம் கழித்து, காரணத்தோடு, எல்லோரும் பார்க்கத் திருத்தினார்கள். கருத்துக்கு இப்படியொரு நேர்மை இருக்க முடியும் என்பதே எவ்வளவு சந்தோஷம்!

மாறுவேடத்தில் ஒரு செயலி

இப்போது துப்பறியும் பகுதி. உட்காருங்கள், இதுதான் உச்சகட்டம்!

போனின் வேகத்தை அளக்க பென்ச்மார்க் எனும் செயலிகள் உண்டு. கனமான கணக்குகளைக் கொடுத்து, எவ்வளவு நேரத்தில் முடிக்கிறது என்று பார்த்து ஒரு எண்ணைத் தரும். அந்த எண்தான் விளம்பரங்களில் மின்னும். தேர்வு என்று வந்தால் காப்பி அடிப்பவர்களும் வருவார்கள்தானே?

2013 ஜூலை. ஆனந்த் லால் ஷிம்பி என்பவர் 1997-ல், 14 வயதில் தொடங்கிய ஆனந்த்டெக் தளத்துக்கு ஒரு துப்பு கிடைத்தது. சாம்சங் கேலக்ஸி எஸ்4-ன் ஒரு வகையைத் துருவினார்கள். கிராஃபிக்ஸ் சிப் வழக்கமான விளையாட்டுகளில் 480 மெகாஹெர்ட்ஸைத் தாண்டவில்லை. குறிப்பிட்ட சில பென்ச்மார்க் செயலிகளைத் திறந்தால் மட்டும் 533-க்கு எகிறுகிறது! போனின் மென்பொருளுக்குள்ளேயே தேடினார்கள். அங்கே 'பென்ச்மார்க் பூஸ்டர்' என்று பெயரே எழுதி வைத்திருந்தது. திருடன் தன் பெயரைச் சுவரில் எழுதிவிட்டுப் போனதுபோல!

அடுத்த சில மாதங்களில் ஆர்ஸ் டெக்னிகா தளத்தின் ரான் அமடியோ நோட் 3-ஐக் கையில் எடுத்தார். போன் செயலிகளைப் பெயரை வைத்துத்தான் அடையாளம் காண்கிறது. அப்படியானால் பெயரை மாற்றிவிட்டால்? கீக்பெஞ்ச் என்ற பிரபல சோதனைச் செயலியை எடுத்து, உள்ளே ஒரு எழுத்தும் மாற்றாமல், 'ஸ்டெல்த்பெஞ்ச்' என்று பெயர் மட்டும் மாற்றி ஓடவிட்டார். போன் ஏமாந்தது! தேர்வு நடக்கிறது என்று தெரியாமல் தன் இயல்பான வேகத்தில் ஓடியது. அசல் பெயரில் வந்த மதிப்பெண் 20 சதவீதம் வரை ஊதிப் பெருக்கப்பட்டது என்பது அம்பலமானது. ஒரே ஒரு பெயர் மாற்றம்! இதைவிடக் கச்சிதமான துப்பறியும் கதை எனக்குத் தெரியாது.

கதை அங்கே முடியவில்லை. 2018-ல் ஹுவாவேயின் சில போன்கள் இதேபோலச் சிக்கின; 3டிமார்க் செயலியை நடத்தும் யூஎல் நிறுவனம் அவற்றைத் தன் பட்டியலிலிருந்தே தூக்கியது. 2022 மார்ச்சில் இதன் தலைகீழ் வடிவம் வந்தது. சாம்சங் போன்களில் இருந்த ஒரு மென்பொருள் ஆயிரக்கணக்கான செயலிகளின் வேகத்தைக் குறைத்துவைத்தது, பென்ச்மார்க் செயலிகளை மட்டும் தொடவில்லை. கீக்பெஞ்ச், எஸ்10 முதல் எஸ்22 வரை நான்கு தலைமுறை போன்களைப் பட்டியலிலிருந்து நீக்கியது. அதே மாதம் சாம்சங் ஒரு அப்டேட் தந்தது. வேகம் வேண்டுமா, சூடு குறைய வேண்டுமா என்று பயனரே தேர்ந்தெடுக்கலாம் என்றது. ரிவ்யூவர்கள் துருவியதால் கோடிக்கணக்கானோருக்கு அமைப்புகளில் ஒரு புதுப் பட்டன் கிடைத்தது!

பெயரை மறைத்தால் என்ன ஆகும்?

செயலியின் பெயர் மாறினாலே போன் ஏமாந்துவிடுகிறது. போனின் பெயரை மறைத்தால் நாம்? மார்க்கஸ் பிரௌன்லீ என்ற பிரபல யூடியூபர் 2018 முதல் ஒரு போட்டி நடத்தினார். பல போன்களில் ஒரே காட்சியைப் படமெடுத்து, எந்தப் படம் எந்தப் போன் என்று சொல்லாமல், மக்களிடம் வாக்குக் கேட்டார். 2022-ல் விழுந்த வாக்குகள் 2 கோடிக்கு மேல்! மொத்தத்தில் முதலிடம் பிடித்தது கூகுளின் நடுத்தர விலைப் போனான பிக்சல் 6ஏ. அதைவிட இரண்டு மடங்கு விலையுள்ள போன்களெல்லாம் பின்னால் நின்றன.

இந்தப் போட்டிகளில் ஒன்று தொடர்ந்து தெரிந்தது. பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால் நம் கண் சற்றே பிரகாசமான படத்தைத் தேர்ந்தெடுத்துவிடுகிறது. நுணுக்கத்தை அப்புறம்தான் பார்க்கிறது. ஆய்வகம் போனை அளக்கிறது, இந்தப் போட்டியோ நம்மையே அளந்து காட்டுகிறது. இரண்டும் வேண்டும்.

நமக்கு முன்னால் அவர்கள் கையில் உடையட்டும்!

வெளியீட்டுக்கு முன் ரிவ்யூவர்களுக்குப் போன் போய்ச்சேரும். கூடவே ஒரு நிபந்தனையும்: இன்ன நாள், இன்ன மணிக்கு முன் வாய் திறக்கக் கூடாது. எம்பார்கோ என்பார்கள். அதனால்தான் எல்லா ரிவ்யூவும் ஒரே நிமிடத்தில் கொட்டுகின்றன. இந்த ஏற்பாட்டைப் பற்றிக் குறைகள் பல உண்டு. ஆனால் 2019 ஏப்ரலில் அது செய்த நன்மை மறக்க முடியாதது.

சாம்சங்கின் முதல் மடிப்புப் போன் கேலக்ஸி ஃபோல்டு, விலை 1,980 டாலர், ஏப்ரல் 26 அன்று கடைக்கு வருவதாக இருந்தது. ரிவ்யூவர்கள் கையில் வந்த சில நாளிலேயே விபரீதம். கண்ணாடி காக்கும் ஒட்டுத்தாள் என்று நினைத்துச் சிலர் மேலுறையை உரித்தார்கள். அது திரையின் ஒரு பகுதி, திரையே போனது. தி வெர்ஜ் தளத்தின் டீட்டர் போஹ்ன் எதையும் உரிக்கவில்லை, ஆனாலும் அவர் போனில் கீல் வழியாகத் துகள் நுழைந்து திரையடியில் ஒரு மேடு கிளம்பியது. எல்லோரும் படத்தோடு எழுதினார்கள். சாம்சங் வெளியீட்டைத் தள்ளிவைத்தது. செப்டம்பரில் திரும்பி வந்தபோது மேலுறை உரிக்க முடியாதபடி விளிம்புக்கு அடியில் போயிருந்தது, கீலின் முனைகளில் துகள் தடுக்கும் மூடிகள் வந்திருந்தன. விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரின் கையில் உடைந்ததால், காசு கொடுத்து வாங்கியவர்களுக்கு உறுதியான போன் கிடைத்தது!

இதற்கு நேர்மாறான காட்சியும் ஒன்று உண்டு. 2017 ஏப்ரலில் ஸ்னாப்சாட் தலைவர் இந்தியாவை இழிவாகப் பேசியதாக ஒரு செய்தி பரவியது. நிறுவனம் அதை மறுத்தது. கோபப்பட்டவர்கள் செயலிக் கடையில் ஒற்றை நட்சத்திரமாகக் குவித்தார்கள். அதில் பலர் போட்டது ஸ்னாப்டீல் என்ற வேறொரு செயலிக்கு! வேகமாக விழும் நட்சத்திரத்துக்குப் பின்னால் பயன்படுத்திப் பார்த்தவரே இல்லாமல் போகலாம்.

நம் நாட்டில் இதற்கு வேலிகள் வந்துகொண்டிருக்கின்றன. இணையத்தில் வாடிக்கையாளர் கருத்துகளை எப்படித் திரட்டி வெளியிட வேண்டும் என்று 2022 நவம்பரில் இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஐஎஸ் 19000 என்ற தரநிலையை வெளியிட்டது. பணமோ பரிசோ வாங்கிப் பரிந்துரைப்பவர் அதை வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும் என்று 2023 ஜனவரியில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை வழிகாட்டுதல் தந்தது. இவை நமக்குத் துணை நிற்கும் ஏற்பாடுகள்.

ஆகவே, அடுத்த போன் வாங்கும்முன் மதிப்பெண்ணுக்குத் தாவாதீர்கள். மூன்று கேள்வி கேளுங்கள். இந்தப் போனுக்குக் காசு கொடுத்தது யார்? இதை எப்படி அளந்தீர்கள்? எத்தனை நாள் கையில் வைத்திருந்தீர்கள்? நல்ல ரிவ்யூவர் மூன்றுக்கும் ஆசை ஆசையாகப் பதில் சொல்வார். எத்தனை நிட், எத்தனை சுற்று, எந்த ஊசி என்று விலாவாரியாகவே எழுதியிருப்பார். அந்தப் பக்கத்தைத் தேடிப் படியுங்கள், மதிப்பெண் தானாகப் புரியும். படித்து முடித்ததும் நீங்களே இருட்டில் ஒரு படம், வெயிலில் ஒரு பார்வை, ஓடும் குழந்தையை ஒரு சொடுக்கு என்று கடையிலேயே சோதிக்கத் தொடங்கிவிடுவீர்கள். தொடங்குங்கள், அவ்வளவு ஜாலியான வேலை இது!